நானே எழுதி நானே போட்ட கையெழுத்து

அட, பயப்படாதீங்ணா. செவப்பா முக்கோணம் போட்டு, இந்த இடம் பாதுகாப்பு இல்லேன்னு வருது, அவ்வளவுதானுங்க. பஸ் ஸ்டாண்டு ஓசி வைஃபைல அப்படித்தான் வரும். கீழ சின்னதா 'அட்வான்ஸ்டு'ன்னு இருக்கும் பாருங்க, அதைத் தொட்டா இன்னொரு வரி வரும், அதையும் தொட்டா உள்ள போயிரலாம். வேண்டாமா? பாக்கெட்ல வச்சுட்டீங்களா? சரி, விடுங்க. அந்தச் செவப்பைப் பாத்தா எல்லாரும் போனை மூடி வச்சுடறாங்க. அந்தச் செவப்பாலதானுங்க எம் பொண்டாட்டி அவ அப்பன் ஊட்டுல போயி உக்காந்து இன்னையோட அஞ்சு வாரம் ஆச்சு.

நெசமாத்தானுங்க. சிரிக்காதீங்க.

நீங்க எது வரைக்கும்? அந்தியூரா. நான் கோபில எறங்கோணும். அவிநாசி, சேவூர், நம்பியூர்னு இவன் உருட்டிட்டுப் போறதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஆயிரும். பழமை பேசிட்டே போனா தெரியாதுங்க. எனக்கும் ஆருகிட்டயாச்சும் சொல்லோணும். திங்கக்கெழமை அவ பெங்களூர்ல வேலைக்குச் சேர்றா. ஆர்டரே வந்துருச்சு. இன்னைக்கு வெள்ளிக்கெழமை. இன்னைக்கு நான் கூட்டிட்டு வர்லைன்னா அப்பறம் கூட்டிட்டு வர்றதுங்கற பேச்சே இல்லீங்க.

எம் பேரு ஈஸ்வரமூர்த்தி. கோயமுத்தூர் கணபதில கம்பெனி வச்சிருக்கறேன். 'ஈஸ்வர் சாஃப்ட்'. ஊட்டு மாடிலதான், ஆனா போர்டு ரோட்டுல இருந்தே தெரியும். எத்தனை பேரு வேலை செய்யறாங்கன்னு கேக்கறீங்களா? நானு. அப்பறம் கோகிலா. கோகிலவாணி, எம் பொண்டாட்டி. அவ சும்மா ஒத்தாசைக்குங்க. ப்ரோக்ராம் எழுதறது, தப்பு வந்தா சரி பண்றது, கஸ்டமர் போன் பண்ணா பதில் சொல்றது, அவ்வளவுதான். மத்ததெல்லாம் நாந்தான்.

மத்ததுன்னா என்னங்களா? மத்ததுன்னா… மேற்பார்வை.

அன்னூர்ல வெள்ளியங்கிரின்னு ஒரு சமையல் கான்ட்ராக்டர். பெரிய கை. ஒரு முகூர்த்த நாள்ல நாலு மண்டபத்துல அவருதான் அடுப்பு மூட்டுவாரு. அவருக்கு ஒரு தலைவலிங்க. கல்யாண ஊட்டுக்காரங்க ஆயிரம் எலைன்னு சொல்லுவாங்க, ஆயிரத்தி நானூறு எலை விழும். மூணாவது பந்தில சாம்பார் தண்ணியாகும், எல்லாரும் அவரைத்தான் வைவாங்க. இதுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு எங்கிட்ட வந்தாரு. பத்திரிகையோட ஒரு சீட்டு. சீட்டுல கட்டம் கட்டமா கோடு போட்ட படம், கடைல காசு அனுப்பறதுக்கு ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி. சாப்பாட்டு ஹால் வாசல்ல பரிமாறற ஆளு போனைக் காட்டுனா படம் பதிவாயிரும். அடுப்படில ஒரு லேப்டாப், அதுல 'அடுத்த பந்திக்கு எரநூத்திப் பத்து பேரு'ன்னு காட்டும். எப்படிங்க? ஐடியா எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல வந்துச்சு. அவ வாயில இருந்து மொதல்ல வந்துச்சு, அவ்வளவுதான்.

இதுலதான் வந்து சேந்துச்சு சர்டிபிகேட்டு.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன் பாருங்க. லேப்டாப்ல இருக்கற ப்ரோக்ராமைப் போன்ல தொறந்தா, கேமரா வேலை செய்யாதுங்க. ப்ரவுசர் விடாது. பொண்ணு குடுக்கறதுக்கு முந்தி விசாரிக்கறாங்கல்ல, அந்த மாதிரி, 'உன்னைப் பத்தி ஆரு சொல்லுவாங்க?'ன்னு கேக்கும். பெரிய பெரிய வெப்சைட்டுக்கெல்லாம் சொல்றதுக்கு ஊரறிஞ்ச ஆளுங்க இருக்கறாங்க. அவங்க கையெழுத்துப் போட்டுச் சர்டிபிகேட் குடுத்தா ப்ரவுசர் தலையாட்டிட்டு ஒரு பூட்டுப் படத்தைக் காட்டும். ஆனா நம்ம லேப்டாப்புக்குள்ளயே ஓடறதுக்கு ஆரு வந்து சொல்லுவா? வெளிய இருக்கறவனுக்கு அது இருக்கறதே தெரியாது. அதுக்குத்தான் நாமளே ஒண்ணு எழுதிக்கறது. கறுப்புத் திரைல ஒரு வரி அடிச்சா அது வரிசையா கேக்கும், எந்த நாடு, எந்த ஊரு, எந்தக் கம்பெனின்னு. பதில் சொல்லிட்டா முடிஞ்சுது. 'ஈஸ்வரமூர்த்தி நல்லவன், இப்படிக்கு ஈஸ்வரமூர்த்தி.' நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டது.

ஆனா அந்த ப்ரவுசருக்கு மட்டு மரியாதை தெரியாதுங்க. 'உன்னைப் பத்தி நீயே சொன்னா எப்படி?'ன்னு செவப்பைக் காட்டும். அதனால என்ன? அட்வான்ஸ்டு, அப்பறம் ப்ரொசீட். ரெண்டு தட்டு. நான் அப்படித்தான் பத்து வருஷமா போயிட்டிருக்கறேன்.

கோகிலா ஒத்துக்கலை. "இது நாம மட்டும் ஊட்டுல பாக்கறதுன்னா சரிங்க. பரிமாறறவங்க கையில குடுக்கப் போறோம். செவப்பு வந்தாலும் தட்டிட்டுப் போங்கன்னு அவங்களைப் பழக்கிட்டா, நாளைக்கு எவனோ திருட்டுத்தனமா ஒண்ணை அனுப்புனாலும் தட்டிட்டுத்தான் போவாங்க"ங்கறா. நான் என்ன சொன்னேன்னா, "கோகிலா, சாம்பார் ஊத்தறவன் போனுக்குள்ள எவன் வரப் போறான்?" அவ லேப்டாப்பை எடுத்தா. உக்காந்தா. ரெண்டு நாள் உக்காந்தா. மொதல்ல எங்களுக்குன்னு ஒரு பெரிய கையெழுத்தை உண்டாக்குனா. அதைக் கொண்டு போயி பரிமாறற எட்டு ஆளுங்க போன்லயும் போட்டு, 'இந்தக் கையெழுத்து இருந்தா நம்பு'ன்னு சொல்லி வச்சா. அப்பறம் அந்தக் கையெழுத்தைப் போட்டு லேப்டாப்புக்கு ஒரு சர்டிபிகேட். அதுல லேப்டாப்போட அட்ரஸை எழுதோணுமாமா, நம்பர்ல இருக்கும் அந்த அட்ரஸ். அட்ரஸ் மாறுனா சர்டிபிகேட் செல்லாது. சும்மா சொல்லக் கூடாது, போன்ல பூட்டுப் படம் வந்துச்சுங்க. கேமரா தொறந்துச்சு. நானும் பக்கத்துலயேதான் இருந்தேன்.

அன்னூர்ல ஒரு காதுகுத்துல ஓட்டிப் பாத்தோம். அறநூறு எலை. சாப்பாட்டுல ஒரு கொறை இல்லை. வெள்ளியங்கிரி அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கலை, எல்லாரு முன்னாடியும் என்னைக் கூப்பிட்டு ஒரு சால்வையைப் போத்திட்டாரு. "இதெல்லாம் எப்படித் தம்பி பண்ணுனீங்க?"ன்னாரு. "ராத்திரி பகலா உக்காந்தேனுங்ணா"ன்னு சொன்னேன். அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுதானுங்க? அந்த எடத்துல போயி, இதை இவ பண்ணுனா, அதை அவ பண்ணுனான்னு பங்கு பிரிச்சுட்டா இருப்பாங்க? கோகிலாவும் அங்கதான் இருந்தா. சார்ஜர் வயரைச் சுத்திட்டு இருந்தா. அவளுக்கு இந்தச் சால்வை கீல்வையெல்லாம் புடிக்காதுங்க.

புடிக்காதுன்னு சொன்னாளான்னா? சொல்லலை. நமக்குத் தெரியாதுங்களா? பன்னண்டு வருஷம் குடும்பம் பண்ணியிருக்கறோம்.

அப்பத்தான் மச்சினனுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. கோகிலாவோட தம்பி. கோபில மண்டபம், வெள்ளியங்கிரி அண்ணன் சமையல். நம்ம சொந்தத்துல, நம்ம ஆப். விடுவேனுங்களா? ஊரு ஒறம்பரை பூரா ஆயிரத்தி ஐநூறு பேரு பாப்பாங்க. அதுல பத்து பேரு ஊட்டுல கல்யாணம் வராமயா போயிரும்? கோகிலா அப்பவே மொகத்தைச் சுழிச்சா. "பத்திரிகை வச்சுக் கூப்பிட்டுட்டு வாசல்ல நிறுத்திச் சீட்டுக் கேட்டா நம்ம பக்கத்துல பொறுப்பாங்களா? எண்ணிக்கை வேணும்னா எலை போடறப்ப எண்ணிக்கலாம். ஆளை நிறுத்த வேண்டாம்"னா. நான் சொன்னேன், சிஸ்டம்னா சிஸ்டந்தான். ஒருத்தனுக்குச் சீட்டு இல்லாம விட்டா அப்பறம் எல்லாரும் அப்படித்தான் வருவாங்க. மாமனாரு ரெண்டு பேரு பேச்சையும் கேட்டாரு. மாப்பிள்ளை சொன்னா சரிதான்னுட்டாரு. மாப்பிள்ளை பேச்சை எப்படித் தட்டுவாரு, பாவம்.

கல்யாணத்துக்கு மொத நாளு எட்டு ஆளையும் நிறுத்தி வச்சுச் சொல்லிக் குடுத்தோம். நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு: "படம் பதிவாகாம ஒரு ஈ, எறும்பு உள்ள போகக் கூடாது." கோகிலா சொன்னது: "பூட்டு இருந்தா வேலை செய்யுங்க. செவப்பு வந்தா கை வைக்காதீங்க. என்னைக் கூப்பிடுங்க." இப்ப நீங்களே சொல்லுங்ணா, இதுல ஆரு சொன்னது சிக்கலு? நான் சொன்னது சின்னப் பையனுக்குக் கூடப் புரியும்.

காலைல ஆறு மணிக்கு டிபன் பந்தி. அஞ்சரைக்குப் போயிப் பாத்தேன். கோகிலா மாட்டி வச்ச வைஃபை ரவுட்டர் இத்துனூண்டு இருந்துச்சுங்க, சோப்பு டப்பா கணக்கா. இத்தனை பெரிய மண்டபத்துக்கு இதான்னு எனக்கே வெக்கமாப் போச்சு. நான் ஒரு நல்ல ரவுட்டர் கொண்டு போயிருந்தேன், ஆறு ஆன்டெனா. அதைத் தூக்கிட்டு இதை மாட்டுனேன். மாட்டுனா லேப்டாப்புக்கு அட்ரஸ் மாறிப் போச்சு. அது எனக்கு எப்படிங்க தெரியும்? ரவுட்டர் போயி அட்ரஸ் குடுக்கும்னு… சரி, தெரியும். தெரியும்னு வச்சுக்கங்க. கல்யாண அவசரத்துல அதெல்லாமா ஞாபகம் இருக்கும்? புது அட்ரஸை எட்டு ஆளுக்கும் துண்டுக் காயிதத்துல எழுதிக் குடுத்துட்டு காப்பி குடிக்கப் போயிட்டேன்.

ஆறு மணிக்கு மொதப் பந்திக்குக் கதவு தொறக்கோணும். எட்டுப் போன்லயும் செவப்பு.

எட்டு ஆளும் போனைப் பெஞ்சு மேல வச்சுட்டு, கையைக் கட்டிட்டு நின்னுட்டானுங்க. "அக்கா வரட்டுமுங்க"ங்கறான். ஏன்டா, நாந்தானடா மொதலாளி, அட்வான்ஸ்டைத் தட்டு, ப்ரொசீடைத் தட்டுன்னு சொல்றேன், ஒருத்தன் தொட மாட்டேங்கறான். "அக்கா கை வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க." சரிடா, அப்ப ஆளையாச்சும் உள்ள விடுங்கடான்னா, "நீங்கதான் படம் பதிவாகாம ஒரு ஈ போகக் கூடாதுன்னு சொன்னீங்க"ங்கறான். பாருங்க, எப்படி ட்ரெயினிங் குடுத்து வச்சிருக்கறா!

அக்கா எங்க இருக்கறா? மேடைல. இணைச்சீரு நடக்குது. மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ சமமா உக்காந்து பண்ற சீரு, உங்களுக்குத் தெரியாததா? பாதில எந்திரிக்க முடியாது. நான் கீழ இருந்து கையைக் காட்டறேன், அவ பாக்கறா, தலையைக் குனிஞ்சுக்கறா. எந்திரிச்சு வந்தா ஆகாதுன்னு நாலு பெரிய மனுசிங்க சுத்தி உக்காந்திருக்கறாங்க.

வாசல்ல முந்நூறு பேரு. காலைல நேரத்துலயே கெளம்பி, பசியோட வந்தவங்க. அதுல முன்னாடி நிக்கறது கள்ளிப்பட்டிப் பெரிய மாமா. எம் மாமனாருக்கு அண்ணன், கோகிலாவுக்குப் பெரியப்பா. எழுவத்தி நாலு வயசு, சக்கரை இருக்குது, மாத்தரை போட்டுட்டு வந்துட்டாரு. மாத்தரை போட்டா நேரத்துக்குச் சாப்பிடோணும். கோகிலாவைப் படிக்க வச்சதே அவருதானுங்க. பொட்டப் புள்ளைக்கு எதுக்குக் கம்ப்யூட்டர் படிப்புன்னு எல்லாரும் சொன்னப்ப, "நான் படிக்க வைக்கறேன்டா"ன்னு முன்னுக்கு நின்னவரு. அந்த மனுசன்கிட்டப் போயி ஒரு பையன் கேட்டிருக்கறான், "தாத்தா, சீட்டு இருக்குதுங்களா?"

"எந் தம்பி ஊட்டுக் கல்யாணத்துல எனக்குச் சீட்டாடா?"ன்னாராம். அரை மணி நேரம் நின்னாரு. நான் போயிச் சேரு போட்டேன், உக்காரலை. காரைக் கூப்பிடச் சொன்னாரு. கை நனைக்காமப் போயிட்டாரு. அவரு போறதைப் பாத்துட்டு அவரு ஊட்டு ஆளுங்க பதினோரு பேரும் பின்னாலயே போயிட்டாங்க. தாலி கட்டறப்ப பெரியப்பன் இல்லாமத்தான் கட்டுனாங்க.

நம்ம பக்கத்துல அதுக்கு ஒறவே அத்துப் போச்சுன்னு அர்த்தம், உங்களுக்கே தெரியும்.

அது எனக்கும் வருத்தந்தானுங்க. நான் என்ன கல்லா? ஆனா அந்த நேரத்துல ஆராச்சும் முன்னுக்கு நின்னு நெலமையைச் சமாளிக்கோணுமுல்ல. நான் போயி நாதஸ்வரக்காரர்கிட்ட மைக்கை வாங்குனேன். ஜனங்களுக்கு விசயத்தைச் சொல்லிட்டா கோவப்பட மாட்டாங்கன்னு ஒரு எண்ணம். "அனைவரும் பொறுத்தருள வேண்டுகிறோம். சிறு தொழில்நுட்பக் கோளாறு. சர்டிபிகேட் கோளாறு. சர்டிபிகேட் செய்தது கோகிலவாணி. அவர் மேடையில் இருப்பதால், சீர் முடிந்தவுடன் வந்து சரி செய்வார்." தெளிவா, நல்ல தமிழ்ல சொன்னேன். மண்டபம் பூரா எட்டு ஸ்பீக்கர்ல கேட்டுச்சு.

ஏனுங்ணா அப்படிப் பாக்கறீங்க? நான் சொன்னதுல ஒரு பொய் இருக்குதா? சர்டிபிகேட் அவதான பண்ணுனா?

சீரு முடிஞ்சு வந்தா. பட்டுச் சேலை, தலை நெறையப் பூவு. லேப்டாப்பை ஒரு தடவை பாத்தா. "ரவுட்டரை மாத்துனீங்களா?"ன்னா. "ஆமா." "எங்கிட்டச் சொன்னீங்களா?" நான் சொன்னேன், "நீ மேடைல இருந்தியே." சரி பண்ணியிருக்கலாமுங்க, அவளுக்கு ரெண்டு நிமிச வேலை. பண்ணலை. லேப்டாப்பை மூடி வச்சுட்டா. அவளே போயி ரெண்டு கதவையும் அகலத் தொறந்து விட்டுட்டு, வாங்க சாப்பிடலாம், வாங்க சாப்பிடலாம்னு ஒவ்வொருத்தரையும் கையெடுத்துக் கும்பிட்டு உள்ள கூப்பிட்டா. கண்ணுல தண்ணி ஓடிட்டே இருக்குது, தொடைக்கக் கூட இல்லை. எல்லாரும் பாத்தாங்க. அது எனக்கு எத்தனை அவமானம்? அதை ஆரும் நெனைக்கலைங்க.

அன்னைக்கு அங்க தங்குனவதான். வர்லை.

நாலு நாளு கழிச்சு போன் பண்ணுனேன். "பெரியப்பாகிட்டப் போயி, நாந்தான் பண்ணுனேன்னு சொல்லிட்டு வாங்க. அப்பறம் பேசலாம்"னா. சரின்னேன். போறதை விட எழுதி அனுப்புனா வெவரமா இருக்கும்னு நெனைச்சேன். எங்க தொழில்ல ஏதாச்சும் நின்னு போச்சுன்னா ஒரு அறிக்கை எழுதுவோமுங்க, என்ன நடந்துச்சு, எத்தனை மணிக்கு நடந்துச்சு, மூல காரணம் என்ன, இனிமே நடக்காம இருக்க என்ன பண்றதுன்னு. அந்த மாதிரி நாலு பக்கம். படம் எல்லாம் போட்டு. ரவுட்டருக்கு ஒரு வட்டம், லேப்டாப்புக்கு ஒரு கட்டம். அவரு வாட்சப்புக்கு அனுப்புனேன். மன்னிப்புன்னா அப்படி இருக்கோணுமுங்க, ஆதாரத்தோட.

பெரிய மாமா கண்ணாடியைப் போட்டுட்டு ஒரு மணி நேரம் படிச்சாராம். மூணாவது பக்கத்துல 'சர்டிபிகேட் வழங்கியவர்: கோகிலவாணி'ன்னு ஒரு வரி. அது அந்த ஃபார்ம்ல வர்றதுங்க, எழுதித்தான் ஆகோணும். படிச்சுட்டு எம் மாமனாரைக் கூப்பிட்டுக் கேட்டாராம், "இந்தப் பையன் என்னடா சொல்றான்? நம்ம புள்ளை மேலதான் தப்புங்கறானா?"

அதுக்கப்பறம்தானுங்க பெங்களூர் வேலை. ஆரோ கூடப் படிச்சவ சொல்லிவிட்டிருக்கறா, இவ போன்லயே இன்டர்வியூ குடுத்திருக்கறா, எடுத்துட்டாங்க. எடுக்காம என்ன? நல்லா எழுதுவாளுங்க. பிசிறே இல்லாம எழுதுவா. அவ போயி அஞ்சு வாரத்துல மூணு கஸ்டமர் போயிட்டாங்க எனக்கு. வெள்ளியங்கிரி அண்ணன் போன் பண்ணி, "அந்தப் புள்ளை எப்பத் தம்பி வரும்?"னு கேக்கறாரு. நான் எப்ப ஃப்ரீன்னு ஒருத்தன் கேக்கறதில்லை.

போன வாரம் அவளுக்குப் போன் பண்ணிக் கெஞ்சிட்டேனுங்க. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், கெஞ்சுனேன். இனிமே இப்படி நடக்காது, நான் மாறிட்டேன், என்னை நம்புன்னேன். அவ பூராத்தையும் கேட்டா. அப்பறம் சொல்றா: "உங்களைப் பத்தி நீங்க சொன்னதெல்லாம் போதுமுங்க. வேற ஆராச்சும் ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. 'இவர் பேச்சை நம்பலாம்'னு அவங்க வாயால சொல்லட்டும். ஒரே ஒருத்தர் போதும். வர்றேன்."

ஒரே ஒருத்தர்தானுங்க. நானும் சிரிச்சுட்டே சரின்னுட்டேன். மொதல்ல எங்கம்மாகிட்டக் கேட்டேன். முழங்கால் வலின்னாங்க. கார் வச்சுக் கூட்டிட்டுப் போறேன்னேன். "கண்ணு, அந்தப் புள்ளைகிட்டப் போயி நான் பொய் சொல்ல மாட்டேன்"னுட்டாங்க. பெத்த தாயிங்க! இந்தப் பையில இருக்கறது முறுக்கு, கோகிலாவுக்குப் புடிக்கும்னு அதை மட்டும் சுட்டுக் குடுத்தாங்க. அப்பறம் கதிரேசன், காலேஜ்ல இருந்து பழக்கம். "மாப்ள, கடைசி வருசத்துல நான் பண்ணுன ப்ராஜெக்டை வாத்தியார்கிட்ட உன்னுதுன்னு காட்டுனியே, ஞாபகம் இருக்குதா?"ங்கறான். பதினெட்டு வருசம் ஆச்சுங்ணா. இன்னும் மனசுல வச்சிருக்கறான். மனுசங்களுக்கு மறக்கவே தெரியலை. வெள்ளியங்கிரி அண்ணன் முகூர்த்த சீசன்னுட்டாரு.

அதனாலதான், ஏனுங்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. கோபில ஒரு அஞ்சு நிமிசம் எறங்குனீங்கன்னா, மாமனாரு ஊடு பஸ் ஸ்டாண்டுல இருந்து கூப்பிடற தூரந்தான். அந்தியூருக்கு அரை மணிக்கு ஒரு பஸ் இருக்குது, நானே ஏத்தி விட்டுர்றேன். கோயமுத்தூர்ல இருந்து என்னைப் பாத்துட்டு வர்றீங்க. ஒண்ணை மறைச்சனுங்களா? 'இவர் நல்ல மனுசன்'னு ஒரு வார்த்தை…

இருங்க, அவதான் கூப்பிடறா.

அம்மிணி, வந்துட்டே இருக்கறேன். நம்பியூர் தாண்டிட்டோம். ஆமா, கூட ஒருத்தர் வர்றாரு. ஆமாங்கறேன். நெம்ப வேண்டப்பட்டவரு. பேரா? பேரு… இரு. ஏனுங்ணா, உங்க பேரு என்னுங்க? சென்னியப்பனுங்களா? சென்னியப்பண்ணன், கோகிலா. எத்தனை நாள் பழக்கமா? அதாச்சு… காலைல இருந்து. சரி, சரி, சிரிக்காத. என்ன? அவருகிட்டக் குடுக்கோணுமா? ஏனுங்ணா, பேசோணுமாமா. புடிங்க. பாத்துப் பேசுங்க.

குடுங்க. வச்சுட்டாளா?

என்னங்ணா இப்படிப் பண்ணிட்டீங்க? பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தான இருந்தேன். 'ஆப் ஆரு பண்ணுனதுன்னு சொன்னாருங்க?'ன்னு அவ கேட்டா. அதுக்குப் போயி, "நல்லா ஓடுனப்பெல்லாம் அவரு பண்ணுனாராமா தாயி, நின்னு போனப்ப மட்டும் நீங்க பண்ணுனீங்களாமா"ன்னு சொல்றீங்க! கோயமுத்தூர்ல இருந்து கத்துனதுக்கு இதுதானா உங்களுக்குப் புரிஞ்சுது? நான் அப்படியா சொன்னேன்? எங்க சொன்னேன்?

அப்படித்தான் சொன்னனா.

சால்வைலயுமா? ஆமா. மைக்குலயும். ஆமாங்க. அந்த அறிக்கைலயும்.

ஆனா அவ சிரிச்சா பாத்தீங்களா. போனைத் தாண்டி எனக்கே கேட்டுச்சு. அஞ்சு வாரமா அவ மனசு விட்டுச் சிரிச்சு நான் கேக்கலைங்க. எனக்கு அது வேணுமுங்ணா. மாடில ஒத்தையில உக்காந்திருந்தா, பக்கத்து நாற்காலில அவ இல்லைன்னா, எனக்கு ஒரு வரி கூட அடிக்க வர்லை. அவ இல்லாம நான் ஒண்ணுமே இல்லீங்க. கம்பெனியச் சொல்லலை. என்னையத்தான் சொல்றேன்.

சிரிச்சுட்டு என்னமோ சொன்னாளே, கடைசியா? கள்ளிப்பட்டில பெரியப்பா ஊட்டுல இருக்கறாளாமா. அங்கயே வரச் சொன்னாளா. தனியா வரச் சொன்னாளா. 'நெசத்தைச் சொல்ல ஒரு ஆளைக் கண்டுபுடிச்சுட்டாரு, அது போதும். மீதியை அவரே வந்து சொல்லட்டும்'னாளா. அப்ப நீங்க எறங்க வேண்டாமுங்க. நீங்க போங்க, உங்களுக்கும் நேரமாகுது.

கோபி வந்துருச்சு. கள்ளிப்பட்டிக்கு இன்னொரு பஸ் ஏறோணும். அதுக்குள்ள ஒருக்காச் சொல்லிப் பாத்துக்கறேன், சரியா இருக்குதான்னு மட்டும் கேளுங்க. 'பெரிய மாமா, கோகிலா அப்பவே சொன்னா, நாந்தான் கேக்கலை.' எப்படி? அவ பேரு எதுக்கு மொதல்ல வருதுங்கறீங்களா? அதுவும் சரிதான். 'பெரிய மாமா, ரவுட்டரை மாத்துனதுனால…' மாத்துனது ஆருன்னு சொல்லோணுமா. சொல்றேன், சொல்றேன். 'பெரிய மாமா, நாந்தானுங்க. எல்லாத்துக்கும் நாந்தான்.' அவ்வளவுதானா? இத்தனைக்கு ஒத்தை வரிதானா? ஏனுங் கண்டக்டரே, சித்தெ நிறுத்துங்க, எறங்க வேண்டாமா? வர்றேனுங்ணா. படில எறங்கிட்டே இன்னொருக்காச் சொல்றேன், கேளுங்க. 'பெரிய மாமா, நாந்தானுங்க. எல்லாத்துக்கும் நாந்தான். ஆனா…' அட, இந்த ஆனாவை எப்படிங்ணா நிறுத்தறது?